கைக்குட்டையில் சுற்றிய காந்தம்

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புச் சட்டத்தில் காந்தத்தை வைத்தேன். பெயிண்டில் கீறல் விழக் கூடாதென்று அதை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். முன்பக்கம் நன்றாகப் பிடித்தது. மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தேன். கதவின் பாதியைத் தாண்டியதும் பிடி தளர்ந்தது. இன்னும் இரண்டு அங்குலம் போனதும் காந்தம் கைக்குட்டையோடு தரையில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தேன், மறுபடியும் விழுந்தது. அங்கிருந்து பின்சக்கரம் வரை ஒன்றரை அடிக்கு இரும்பே இல்லை. பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மேலே பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

அந்தப் பழைய ஸ்பிட்ஃபயர் காருக்கு விற்பவர் கேட்ட விலை 4,200 பவுண்டு. இரண்டு வருடம் சேர்த்து நான் வைத்திருந்தது 4,500. அவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்: "அவ்வளவு அழகா இருந்துச்சேப்பா, ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

அவளுக்குப் பதில் சொல்ல நான் தாம்பரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பெரியப்பா அங்கே ஒரு புளியமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எண்பதுகளில் அவரிடம் வந்த வண்டிகளில் பாதி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பக்கத்துப் பெருங்களத்தூரில்தான் அந்த வண்டிகள் பிறந்தன. 1961இல் தொடங்கி பத்து வருடம் ஹெரால்டாகவும், பிறகு 1977 வரை கெஸல் என்ற பெயரிலும் அங்கே செய்தார்கள். ஹெரால்டின் பானெட் மற்ற வண்டிகளைப் போல வெறும் மூடி கிடையாது. முன்மூக்கு, இரண்டு மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே உருப்படியாக முன்பக்கம் கவிழும். கவிழ்த்துவிட்டால் இன்ஜின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். பெரியப்பா முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். டீ வந்தால் அங்கேயே குடிப்பார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். "டேய், பெயிண்ட்டப் பாக்காத. தட்டிப் பாரு. இன்ஜினைப் பிரிச்சு மாட்டிடலாம், துருவை என்னடா பண்ணுவ?" என்பார்.

வேலைக்காக நான் இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து பதினோரு வருடமாகிறது. வந்த புதிதில் ஒருநாள் கேன்லி பகுதியில் பஸ்ஸில் போகும்போது ஒரு தெருப்பலகை கண்ணில் பட்டது: ஹெரால்டு அவென்யூ. ஹெரால்டை முதலில் உருவாக்கிய டிரயம்ப் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை நின்ற இடம் அது. பெரியப்பா டயரில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த வண்டியின் தாய்வீடு. 1959இல் ஹெரால்டை வெளியிட்டபோது அதன் பாடியைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, தனிச் சேஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தரக்கூடிய கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால் வந்த ஏற்பாடு அது. அந்த நெருக்கடியில் பிறந்த சேஸில்தான் இன்னொரு வண்டியும் உருவாயிற்று. ஹெரால்டு சேஸின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம். அதை 83 ஆகக் குறைத்து, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோத்தி மேலே இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஒரு திறந்த உடலை வரைந்து கொடுத்தார். கையில் காசில்லாமல் கம்பெனி அதைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்துவிட்டது. 1961இல் லேலண்ட் கம்பெனி டிரயம்பை வாங்கியபோது, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். மறு வருடமே அது ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதே கவிழும் பானெட், அதே முன்சக்கர அமைப்பு, சின்ன வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதே லாகவம். பெரியப்பாவின் ஹெரால்டுக்கு அது தம்பி முறை. நான் ஸ்பிட்ஃபயர் தேடியதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

காசுக் கணக்கும் அதே பக்கம்தான் காட்டியது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோருக்கும் ஜாகுவார் இ-டைப்தான் நினைவுக்கு வரும். அதன் விலையில் இங்கே ஒரு வீட்டுக்கே முன்பணம் கட்டலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவது மூன்று நான்குதான். எம்ஜிபி, எம்ஜி மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர், ஜப்பானியர் 1989இல் கொண்டுவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. எம்ஜிபி உறுதியான நல்ல வண்டி. அதை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. கடைசி வருடங்களின் மிட்ஜெட்டில் இருப்பது ஸ்பிட்ஃபயரின் 1,493 சிசி இன்ஜினேதான், ஆனால் கால் நீளமானவர் உள்ளே உட்கார முடியாது. மாஸ்டா எல்லாவற்றையும்விட நம்பகமானது. தினமும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஸ்பிட்ஃபயர் எங்கே ஏமாற்றும் என்பது கதவுக்கடியில் இருக்கிறது. ஹெரால்டில் சேஸ் பக்கவாட்டிலும் விரிந்து உடலைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரின் சேஸோ நடுவில் முதுகெலும்பு மாதிரி மட்டுமே ஓடுகிறது. மேலே கூரையும் இல்லை. ஆகவே வண்டியை வளையாமல் வைத்திருப்பது இரண்டு பக்கத்திலும் ஓடும் அந்தக் கீழ்ச்சட்டங்கள்தான். வெளித்தகடு, உள்தகடு, நடுவே இன்னொரு தாங்குதகடு என்று மூன்றும் சேர்ந்த பெட்டி அது. பனிக்காலத்தில் இங்கே சாலையில் கொட்டும் உப்பு அதற்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே இருப்பது உமி மாதிரி உதிர்ந்துவிட்டிருக்கும். அதைப் பட்டியால் மூடினால் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி நடுவில் தொய்யும். அப்போது கதவின் மேல்பக்க இடுக்கு குறுகிவிடும். கதவைச் சுற்றியுள்ள இடுக்கு எல்லா இடத்திலும் ஒரே அகலமா என்று பார்த்தாலே பாதி சேதி தெரிந்துவிடும். மீதிப் பாதியைக் காந்தம் சொல்லும்.

இதில் காசு எங்கே போகிறது என்பதை மகளுக்கு விளக்கினேன். கார்புரேட்டர், பிரேக், கிளட்ச், சீட் உறை, துணிக்கூரை எல்லாம் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பெட்டி பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே மாட்டிக்கொள்ளலாம். வெட்டி ஒட்டும் தகர வேலை அப்படி இல்லை. அது மணிக்கணக்கில் கூலி கேட்கிற வேலை. வளையாமல் இருக்க உள்ளே குறுக்குக்கம்பி கொடுத்துவிட்டுத்தான் பழைய சட்டத்தையே அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் செய்து பெயிண்டும் அடித்தால் நான் சேர்த்து வைத்திருந்ததில் கிட்டத்தட்ட மொத்தமும் அதற்கே போய்விடும். அந்தச் சிவப்பு வண்டியை வாங்கியிருந்தால் 4,200 பவுண்டு கொடுத்து இன்னொரு 4,000 பவுண்டு செலவை வாங்கி வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஐந்து வண்டிகள் பார்த்தோம். ஒன்றில் கிளட்ச் சோதனையிலேயே குட்டு வெளிப்பட்டது. இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். மகள் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிப்பாள், நான் பானெட்டைக் கவிழ்த்து இன்ஜின் முன்னால் இருக்கும் பெல்ட் புல்லியைப் பார்ப்பேன். கிராங்க்‌ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிறைவடிவ வாஷர்கள் இரண்டு பிடித்து நிற்க வேண்டும். அவை தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் புல்லி முன்னே போய்த் திரும்பி வரும். அவை கழன்று எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிட்டால் கிராங்க் நேராகப் பிளாக்கையே உரசித் தின்னும், பிறகு அந்தப் பிளாக் உதவாது. "மிதி" என்றேன். புல்லி ஒரு நெல்லின் அகலத்துக்கு முன்னே வந்தது. "விடு" என்றேன். பின்னே போனது. மகளுக்கு அதைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு எந்த வண்டிக்குப் போனாலும் அவளே முதலில் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

போவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் அதன் பழைய முடிவுகளை அரசு இலவசமாகக் காட்டும். எந்த வருடம் எதனால் தோற்றது, மைல் கணக்கு என்ன, துரு பற்றி என்ன எழுதினார்கள் எல்லாம் தெரியும். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது வயது கடந்து பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. சொந்தக்காரருக்கு இது லாபம், வாங்குகிறவருக்கு ஆபத்து. பல வருடமாக எந்தச் சோதனையாளரும் ஜாக்கி போட்டுப் பார்க்காத வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. விரும்பிப் போனால் இப்போதும் சோதித்துத் தருவார்கள். "ஒரு எம்ஓடி எடுத்துக் காட்டுங்கள், கட்டணத்தை நான் கொடுக்கிறேன்" என்று கேட்டேன். இரண்டு பேர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

ஜனவரியில் ஒரு மஞ்சள் வண்டி கிடைத்தது. திறந்த கார்களைக் குளிர்காலத்தில் வாங்குவதே நல்லது. ஏப்ரலில் வெயில் வந்தால் வாங்க ஆளும் வரும், விலையும் ஏறும். 1978ஆம் வருடத்து ஸ்பிட்ஃபயர் 1500. இன்கா மஞ்சள் என்று டிரயம்ப் பெயர் வைத்த நிறம் வெளுத்து, காய்ந்த எலுமிச்சைத் தோல் போலிருந்தது. துணிக்கூரை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. சீட்டில் பஞ்சு வெளியே தெரிந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர், இருபத்தாறு வருடமாக வைத்திருந்தவர், முழங்கால் வலியால் இனி இறங்கி ஏற முடியவில்லை என்றார். காந்தம் முன்சக்கரத்தில் தொடங்கிப் பின்சக்கரம் வரை ஓரிடத்திலும் விழவில்லை. கதவுகள் விரலால் தள்ளியதும் சாத்திக்கொண்டன. புல்லி நகரவில்லை.

பிறகு கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையோடு இறங்கியிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழலும். அதற்குக் கிரீஸ் கூடாது, கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும் என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. கிரீஸ் உள்ளே இறுகிப்போனால் எண்ணெய் இறங்காது. தண்டு துருப்பிடித்து, பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் முறிந்து சக்கரம் மடங்கும். "இதற்கு என்ன போடுகிறீர்கள்?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஷெட்டுக்குள் போய், ஓர் எண்ணெய்த் துப்பாக்கியையும் இ.பி. 90 எண்ணெய் டப்பாவையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். வண்டியை வாங்குவதென்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

2,900 பவுண்டுக்கு முடிந்தது. பேரம் அதிகம் பேசவில்லை, பேச மனம் வரவில்லை. மீதி 1,600 பவுண்டில் முதலில் டயர் நான்கும் மாற்றினேன். பழையவற்றில் பட்டை ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பர் பதினைந்து வருடத்தது, பக்கமெல்லாம் வெடிப்பு. பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன். 2021இலிருந்து இங்கே வரும் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரை அது கெடுக்கும். பிறகு பிரேக், துணிக்கூரை. சீட்டை மனைவி தைத்தாள். டிரயம்ப் வண்டிக்காரர்களுக்கென்று 1977இலிருந்து இயங்கும் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்பில் சேர்ந்தேன். முதல் மாதமே ஒரு மூத்தவர் வீட்டுக்கு வந்து கார்புரேட்டரைச் சரிப்படுத்திக் கொடுத்துப் போனார். டீயும் வடையும் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. வருட முடிவில் கையில் 210 பவுண்டு மிச்சமிருந்தது. பெயிண்ட் இன்னும் வெளுத்தேதான் இருக்கிறது.

சேர்த்த பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கையில் நிற்க வேண்டும். இது எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும். நண்பர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, பானெட்டைக் கவிழ்த்துவிட்டு முன் டயரில் உட்கார்ந்து பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டாள். பெரியப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது, பார்வை மங்கிவிட்டது. படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாராம். மாலையில் போன் வந்தது. வண்டி எப்படி ஓடுகிறது, என்ன விலை என்று எதுவும் கேட்கவில்லை. "கீழ தட்டிப் பாத்தியா?" என்றார். பார்த்தேன் பெரியப்பா என்றேன். "டிரனியனுக்கு எண்ணெய்தானே ஊத்துற?" என்றார்.

தமிழ்நாட்டில் இன்னும் சில வீட்டு ஷெட்டுகளில் ஹெரால்டும் கெஸலும் தூசி மூடி நிற்கின்றன. இந்தியாவில் மட்டும் செய்த நான்கு கதவு ஹெரால்டு வேறு எந்த நாட்டிலும் கிடையாது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நின்றால், பழைய இரும்புக்கு எடைபோடுவதற்கு முன் ஒருமுறை குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். இரும்பு நன்றாக இருந்தால் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். அதன் முன்சக்கரத்துக்கான டிரனியன் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது.