லூபெரோன் மலைச்சாரலில் ஒரு பகற்பயணம்

பிரான்ஸ் என்றதும் பாரிஸ் மாநகரும் ஈபல் கோபுரமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. காரைக்கால், புதுச்சேரியைச் சேர்ந்த நம்மவர் பலர் அந்நாட்டில் குடியேறி வாழ்வதால், உறவினரைக் காணச் செல்வோரும் நம்மிடையே உண்டு. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் தலைநகரைத் தாண்டுவதில்லை. அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்திற்குள் தெற்கேயுள்ள அவிஞோன் நகரை அடைந்துவிடலாம். அதனை அடுத்துள்ள லூபெரோன் மலைச்சாரலில், காரில் ஒரே பகலில் சுற்றி வரத்தக்க சிறு பாதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 60 கிலோமீட்டரே உள்ள அப்பாதையில் வண்டி ஓடும் நேரம் குறைவு. நின்று பார்க்க வேண்டிய இடங்களே மிகுதி.

பயணம் லீல்-சூர்-லா-சோர்க் என்னும் சிற்றூரில் தொடங்கட்டும். சோர்க் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து இவ்வூருக்குள் ஓடுகின்றது. பாசி படர்ந்த பெரிய நீர்ச்சக்கரங்கள் இன்றும் அதில் மெல்லச் சுழல்கின்றன. வியாழனும் ஞாயிறும் இங்கே சந்தை நாட்கள். பகலுணவுக்கு வேண்டியதை இங்கேயே வாங்கிக்கொள்வது நன்று. புதிய ரொட்டி, ஆலிவ், தக்காளி, அருகிலுள்ள கவையோன் நகரின் பெயர்பெற்ற முலாம்பழம் ஆகியவை போதும். இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் வெயிலில் நின்று உழைப்போருள் மொராக்கோ முதலிய வட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஏராளம். அதனால் அவிஞோனிலும் கவையோனிலும் ஹலால் இறைச்சிக் கடைகளும் உள்ளன.

அங்கிருந்து 7 கிலோமீட்டரில் ஃபோன்டேன்-த-வோக்ளூஸ். செங்குத்தான பாறையின் அடியிலிருந்து சோர்க் ஆறு பிறக்கும் இடம் இதுவே. மலைமீது விழும் மழைநீர் சுண்ணாம்புப் பாறைகளின் வழியே இறங்கி, நிலத்தடியில் ஓடி, இங்கே வெளிப்படுகின்றது. ஆண்டொன்றுக்கு வெளிவரும் நீர் 60 கோடி கன மீட்டருக்கும் அதிகம். 1985ஆம் ஆண்டு இயந்திரக் கருவி ஒன்றை உள்ளே இறக்கி அளந்தபோது 308 மீட்டர் ஆழத்தில் அது அடிமணலைத் தொட்டது. வசந்த காலத்தில் பொங்கிப் பாயும் இந்த ஊற்று, கோடையில் சலனமற்ற பச்சைக் குளமாய் அடங்கிவிடும். படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்கச் செய்யும் இடம்.

அடுத்து கோர்த் நோக்கிச் செல்லும் வழியில் கப்ரியேர் என்ற அமைதியான ஊர் வரும். பயணிகள் பலர் நிற்காமலே கடந்துவிடும் இவ்வூரில் ஒரு பெருந்துயரம் புதைந்து கிடக்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபையால் சமய விரோதிகள் என ஒதுக்கப்பட்ட வால்தென்சியர் எனும் எளிய கிறிஸ்தவப் பிரிவினர் இம்மலைச்சாரலில் உழுது பிழைத்து வந்தனர். 1545 ஏப்ரலில் முதலாம் பிரான்சுவா மன்னரின் ஒப்புதலோடு வந்த படை, இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கப்ரியேரும் தப்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் வால்தென்சியர் சிலர் அருகிலிருந்த செனாங்க் மடத்தைத் தாக்கித் துறவிகளைத் தூக்கிலிட்டிருந்தனர். ஒரு கொடுமைக்கு மறுமொழியாக அதனினும் பெருங்கொடுமை நிகழ்ந்தது. இரண்டிலும் மாண்டோர் எளியோரே.

கோர்த் ஊருக்குள் நுழையுமுன் சாலையோரத்தில் ஒரு வளைவில் நின்று நோக்கினால், மலைமுகட்டில் அடுக்கடுக்காய் எழுந்த கல்வீடுகள் முழுமையாய்த் தெரியும். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை இவ்வூரின் ஒரு பகுதியைத் தகர்த்தது. இன்று காணும் அழகில் மீண்டும் கட்டியெழுப்பியவர்களின் உழைப்பும் கலந்துள்ளது. இதன் கீழே 4 கிலோமீட்டரில், 1148ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அந்தச் செனாங்க் மடம் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. ஜூன் பிற்பகுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை அதன் முன்னுள்ள லாவண்டர் வயல் ஊதா நிறத்தில் பூத்து மணக்கும்.

கோர்த்திலிருந்து 10 கிலோமீட்டரில் ரூசியோன். இவ்வூரின் மண் மஞ்சள், செம்மஞ்சள், செம்மை எனப் பல நிறம் காட்டும். மணலில் கலந்த இரும்பு ஆக்சைடே இதற்குக் காரணம். இந்தக் காவிமண்ணை வெட்டிச் சலித்து வண்ணப்பொடியாக விற்றுப் பல தலைமுறையினர் பிழைத்தனர். செயற்கைச் சாயங்கள் வந்தபின் அத்தொழில் நலிந்தது. கைவிடப்பட்ட வெட்டுக்குழிகளுக்குள் இப்போது நடைபாதை அமைத்துள்ளனர். ஒரு மணி நேரத்தில் சுற்றி வரலாம். பிள்ளைகளுக்கு வெள்ளாடை வேண்டாம். கறை எளிதில் போகாது.

உணவகத்தில் உண்ண விரும்புவோர் கோர்த்திலோ ரூசியோனிலோ நண்பகல் 12 மணிக்கே அமர்ந்துவிட வேண்டும். 2 மணிக்குப் பின் பெரும்பாலான அடுக்களைகள் மூடப்பட்டுவிடும். நுழைந்ததும் "போன்ஜூர்" என்று முகமன் கூறுவது அவ்வூர் மரபு. கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் சமைக்கும் ரத்தத்தூய், மீன் வகைகள், முட்டை அடை ஆகியவை நமக்கு ஏற்றவை. ஆயினும் குழம்பிலும் சாற்றிலும் மதுவோ பன்றிக் கொழுப்போ சேர்க்கும் வழக்கம் அங்கு உண்டாதலால் கேட்டறிவது கடமை. உணவோடு கேட்கும் ஒரு குடுவைக் குழாய்த் தண்ணீருக்குத் தனி விலை கிடையாது.

ரூசியோனிலிருந்து பொனியூ செல்லும் வழியில் ஜூலியன் பாலம் என்னும் உரோமானியர் பாலம் உள்ளது. கி.மு. 3இல் கட்டப்பட்டதாகக் கருதப்படும் இம்மூவளைவுப் பாலத்தின் தூண்களில், வெள்ளம் புகுந்து வெளியேறத் திறப்புகள் விட்டுள்ளனர். நீரோடு மோதாமல் அதற்கு வழிவிட்டதால் இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்தது. 2005 வரை இதன்மீது வாகனங்களும் ஓடின; பின்னர் அருகே புதுப்பாலம் கட்டி இதற்கு ஓய்வளித்தனர்.

சந்தையில் வாங்கிய உணவைப் பிரித்து உண்ண மிகச் சிறந்த இடம் பொனியூவுக்கு மேலேயுள்ள தேவதாரு வனம். 1860களில் அல்ஜீரியாவின் அட்லஸ் மலையிலிருந்து கொணர்ந்த விதைகளில் முளைத்தவை இம்மரங்கள். லுஹர் தொழுகைக்கும் ஏற்ற நிழலும் அமைதியும் இங்குண்டு. கோடையில் காட்டுத் தீ அபாயம் மிகும் நாட்களில் உள்ளே விடமாட்டார்கள். முன்கூட்டியே விசாரித்துச் செல்க.

மலையிடுக்குச் சாலையில் 12 கிலோமீட்டர் இறங்கினால் லூர்மரேன். 1545இல் எரிக்கப்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. அல்ஜீரியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1957இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஆல்பெர் காம்யு, அப்பரிசுப் பணத்தில் இங்கே வீடு வாங்கினார். ஊர் மயானத்தில் எளிய கல் ஒன்றே அவருக்கு அடையாளம். பாரிஸ் செல்ல ரயில் சீட்டு வைத்திருந்த அவர், நண்பரின் காரில் ஏறிச் சென்றார். 1960 ஜனவரி 4 அன்று அக்கார் மரத்தில் மோதியதில் 46 வயதில் உயிர் நீத்தார். பயன்படாத அந்தச் சீட்டு அவரிடமே இருந்தது. வளைவுகள் நிறைந்த இச்சாலையில் வண்டி ஓட்டுவோர் இதை நினைவிற் கொள்வது நல்லது.

இம்மலைச்சாரலைப் படங்களில் காண்போர், தொன்றுதொட்டே இன்பம் கொழித்த பூமி என எண்ணக்கூடும். ஆனால் மரத்தை ஆப்பிரிக்கா தந்தது; பழத்தை அயலார் கைகள் பறிக்கின்றன; ஊர்களோ எரிந்து மீண்டவை. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவற்றை எடுத்துச் சொல்லட்டும். கப்ரியேரில் ஒரு கால் மணி நேரமாவது வண்டியை நிறுத்தட்டும்.