அழகானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊர்மேல் தள்ளினேன்

பழைய கம்ப்யூட்டர் பாகங்களை வைத்துச் சுவர்க் கடிகாரம், மேசை விளக்கு, சாவி மாட்டும் பலகை எல்லாம் செய்து திண்டுக்கல்லில் கொஞ்சம் பேர் வாங்கியவன் நான். குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றுகிறவர் என்று பள்ளிக்கூட மேடையில் ஏற்றி எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள். அந்தச் சால்வைக்கு நான் தகுதியானவன் இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் கண்ணுக்கு அழகாக இருந்த கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, விஷம் இருந்த மிச்சத்தை ஊர்மேல் தள்ளினேன். தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

சர்வீஸ் கடை வைத்திருந்ததால் எனக்குச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப்புகள், சில வருஷங்களில் ஒவ்வொன்றாகக் கடைக்கு வர ஆரம்பித்தன. "சார்ஜ் நிக்க மாட்டேங்குதுண்ணே, நீங்களே வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பேட்டரியை மாற்றி லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருஷம் ஓடக்கூடியவை அவற்றில் பல. வேடசந்தூர் பக்கமோ நத்தம் பக்கமோ படிக்கிற ஒரு பிள்ளைக்கு ஆகியிருக்கும். பழுது பார்த்துக் கொடுத்தால் கிடைக்கும் கூலியைவிடக் கடிகாரத்துக்கு அதிகம் கிடைத்தது. உடைத்துவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கிற வேலை எனக்கு இன்றும் பிடிக்கும். நட்சத்திர முனை கொண்ட சின்ன ஸ்குரூக்கள். ஒன்று மட்டும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூடியை எடுத்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பான தட்டு. நடு ஓட்டைக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்துக் கடிகார மெஷினைப் பொருத்தினால் போதும். உள்ளே இருக்கும் காந்தங்கள் அடுப்படியில் கத்தி மாட்ட உதவும். டெஸ்க்டாப்பில் வருகிற தட்டு பெரும்பாலும் அலுமினியம், அதில் பயமில்லை. லேப்டாப் தட்டுகளில் பல கண்ணாடி. வளைத்தால் சில்லுச் சில்லாக நொறுங்கும். இந்த வேலையோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

மதர்போர்டைத் துண்டு போட்டேன். பச்சைப் பலகையில் தங்க நிறக் கோடுகள் ஓடுவதால் விளக்குக்கு அது எடுப்பாக இருக்கும். அந்தப் பலகை கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்தியது. தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கும். பழைய போர்டு என்றால் பற்றுவைப்பில் ஈயமும் உண்டு. அறுக்கும்போது பறக்கிற தூசியில் இத்தனையும் இருக்கிறது. என் வீட்டுக் கொல்லையில் அறுத்தது போதாதென்று, ஒரு பள்ளியில் பயிற்சி முகாம் நடத்தி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஹாக்ஸா பிளேடைக் கொடுத்தேன். முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை. மதியம் மணி அடித்ததும், விரலிடுக்கில் பச்சைப் பொடி ஒட்டியிருக்க, சட்டையில் கையைத் துடைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "போய்க் கை கழுவிட்டு வாங்கப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். செய்ததில் பெரிய குற்றம் இதுதான்.

பழைய மானிட்டர் கூட்டை மீன் தொட்டியாக்கித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். கூடு எனக்கு, உள்ளே இருக்கும் படக்குழாய் யாருக்கு? எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் சேர்த்திருப்பார்கள். ஒரு குழாயில் ஒன்றிரண்டு கிலோகூட இருக்கும். இருட்டின பிறகு வண்டியில் வைத்துக் கொண்டுபோய், ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஓடையில் போட்டுவிட்டு வந்தேன். பகலில் போடக் கூசியது. அப்படியென்றால் தப்பு என்று தெரிந்திருக்கிறது.

வயரையும் வெட்டின போர்டுத் துண்டுகளையும் மூட்டை கட்டிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். அங்கே செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும். கொளுத்துகிற பையன் லுங்கி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த முறையும் அதே கடைக்குத்தான் மூட்டை போனது.

இதே ஊரில் தோல் ஷாப் கழிவு நீரால் கிணறுகள் கெட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைகளுக்கு அபராதம் விதிக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களில் திண்டுக்கல்லும் இருந்தது. இங்குள்ள தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி, 2012இல் சாகித்திய அகாடமி விருது பெற்ற 'தோல்' நாவலைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் படிக்கச் சொல்வேன். முதலாளிகள் லாபத்தை எடுத்துக்கொண்டு கழிவை ஊருக்கு விட்டுவிட்டார்கள் என்று மேடையில் பேசியிருக்கிறேன். அளவு சிறியது என்பதைத் தவிர, நான் செய்தது அதிலிருந்து எந்த விதத்திலும் வேறு அல்ல. சட்டம் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே மாதத்திலிருந்தே நடைமுறையில் இருக்கின்றன.

போர்டு அறுப்பதை விட்டுவிட்டேன். மானிட்டர் கூடு கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ஓடையில் போட்ட குழாய்களைத் தேடிப் போனேன். கண்ணாடி நொறுங்கி மணலோடு கலந்துவிட்டது. அள்ள முடிந்ததை அள்ளினேன். எல்லாம் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் இருந்தால், முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளை அன்று போர்டுத் துண்டில் செய்து கொண்டுவந்த சாவிக்கொத்து வீட்டில் இருந்தால், கைக்குழந்தை வாயில் வைக்கும் இடத்தில் போடாதீர்கள். அதையும், நான் விற்ற விளக்குகளையும் கொண்டுவந்து கொடுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு நானே என் செலவில் அனுப்பி வைக்கிறேன். பரணில் விலையில்லா லேப்டாப் கிடந்தால், அதைக் கடிகாரமாக்கக் கொடுப்பதற்கு முன் ஓடுமா என்று யாரிடமாவது பார்க்கச் சொல்லுங்கள்.