ராமுக்கு ஜோடி வேணும்!

"பழைய மாணவர்ங்கிற முறையில ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டதும், என் நினைவுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரிதான்.

வருஷம் 1998. நான் டிப்ளமோ கடைசி வருஷம். அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கித் தந்த பென்டியம் 100, எங்கள் வீட்டுக் கூடத்தில் பூப்போட்ட உறை போர்த்திக்கொண்டு மகாராஜா மாதிரி வீற்றிருக்கும். 8 எம்.பி. ராம் இரண்டு, ஆக மொத்தம் 16. விண்டோஸ் 95-ல் வேர்டைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்! நாலு பேர் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதன் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். பிளாப்பியில் காப்பி எடுத்தோமா என்றால், இல்லை. (இதற்காக என்னை இன்றும் உதைக்கலாம்.)

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் 16 எம்.பி. சிம் ஒன்று வாங்கி வந்தேன். நண்பன் வீட்டு 486-ல் ஒன்றே ஒன்று போட்டு வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மூன்றாவது ஸ்லாட்டில் செருகி ஆன் செய்தால், திரையில் பழையபடி 16384 தான். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? பழைய 8-ல் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் புதுசை மாட்டினேன். திரை இருட்டு. 'பீ...ப், பீ...ப்' என்று ஒரே ஓலம். பயந்துபோய் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். அப்போதும் ஓலம் நிற்கவில்லை.

"என்னடா, பாட்டுப் பாடுது?" என்றார் அப்பா. லோனில் இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி. நான் வாயே திறக்கவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

ஞாயிறு காலை சைக்கிளில் லேப் சார் வீட்டுக்கு ஓடினேன். மனிதர் லுங்கியை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். கொண்டு வந்த ஆயுதம் ஒரு பென்சில் ரப்பர்! சிம்மின் விளிம்பில் இருந்த தகடுகளை மெதுவாகத் தேய்த்து, தூசியை ஊதி, சாய்வாகச் செருகி நிமிர்த்தினார். இரண்டு பக்கமும் கிளிப் 'டக்'கென்று பிடித்தது. நான் அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்க விட்டிருக்கிறேன். ஓலம் நின்றது. 16384 வந்தது. ரிப்போர்ட்டும் பத்திரமாக இருந்தது.

"தம்பி, பென்டியத்துக்கு டேட்டா பஸ் 64 பிட். இந்த 72 பின் சிம் 32 பிட்தான். ஒண்ணு போட்டா பாதி ரோடுதான். ஒரே அளவுல ஜோடியாப் போடணும். உன் நண்பனோட 486-க்கு 32 பிட் பஸ். அதான் அங்க ஒண்ணே போதும்" என்றார். நாலாவது செமஸ்டரில் இதையேதான் நடத்தினாராம். அன்றைக்கு நான் மேட்னி ஷோவில் இருந்திருப்பேன்.

கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒற்றை சிம் ஒரு மாதம் தீப்பெட்டி பக்கத்தில் அலமாரியில் கிடந்தது. அடுத்த மாதம் அப்பா சம்பளத்தன்று ஒரு சின்னக் கவரை நீட்டினார். அதே 16 எம்.பி., இன்னொன்று. இந்தத் தடவை நான் மாட்டும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். 49152 என்று எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.