வீட்டு எண்ணூறும் அவர் எழுதி வைத்த நோட்டும்



போன வாரம் கல்யாண மண்டப வாசலில் நான் கார் ஓட்டி வந்து இறங்கிய படத்தை யாரோ போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே கேள்வி. "டீச்சர், இன்னும் அந்த மாருதி 800-ஐ விக்கலையா?" என் மகனும் இதையேதான் கேட்கிறான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். நடுவில் கணக்கும் வரும், ஓடிவிடாதீர்கள்.

முதல் மாருதி 800-இன் சாவியை 1983 டிசம்பரில் டெல்லியில் இந்திரா காந்தி கொடுத்தார். அப்போது நான் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு அந்த வண்டி வர 1997 ஆனது. கடன் வாங்கித்தான் வாங்கினோம். வெள்ளை நிறம், நாலு கியர். அவர் ஓட்டுவார், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். இருபத்து நாலு வருஷம் இப்படியே போயிற்று.

2021-ல் அவர் போய்விட்டார். வண்டி ஷெட்டில் தூசி படிந்து நின்றது. "வித்துடும்மா" என்றான் மகன். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. லைசென்ஸும் வாங்கினேன். கடைத்தெரு, கோயில், பேங்க் என்று திண்டுக்கல்லுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஜனவரியில் என் அக்காவை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குக் கிளம்பினேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மலை ஏறி இறங்கிவிட்டால் மகன் வாயை அடைத்துவிடலாம் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த எண்ணம். ஆறாவது வளைவில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டி, இது செவப்புக்குப் போகுதே, நிறுத்து" என்றாள். "மேட்டுல அப்படித்தான் இருக்கும்" என்று தெரிந்த மாதிரி சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் இரண்டு வளைவு போனதும் முள் தானாகக் கீழே இறங்கியது. "பாத்தியா?" என்றேன். பத்தாவது வளைவில் பானெட் இடுக்கில் ஆவி. வண்டி இரண்டு முறை உதறிவிட்டு நின்றது.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன். வாழைத்தார் ஏற்றி வந்த வேன்காரத் தம்பி ஓடி வந்து தடுத்தார். "தொறக்காதீங்கம்மா, கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும்." அவர் தடுக்காவிட்டால் என் முகம் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

வண்டியைக் கட்டி இழுத்து, அவர் வழக்கமாக விடும் மெக்கானிக்கிடம் கொண்டு வந்தோம். அந்த அண்ணன் இன்ஜின் ஆயில் மூடியைத் திருகிக் காட்டினார். உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி படிந்திருந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு டீச்சர். தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சு." பிறகு கேட்டார்: "சார் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தண்ணி பார்ப்பார். நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன்.

மூன்று நாள் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். இது சுசுகியின் எஃப்8பி இன்ஜின். மூன்று சிலிண்டர். குறுக்களவு 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு நினைவிருக்கிறதா? பை ஆர் ஸ்கொயர் எச். ஆரம் 3.425 சென்டிமீட்டர், உயரம் 7.2. போட்டுப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்கு 265 சொச்சம், மூன்றுக்கும் சேர்த்து 796 சிசி. எண்ணூறு என்று பெயர் வந்தது இப்படித்தான். அந்தக் கணக்கை எத்தனையோ வருஷம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். என் காலடிக்கு முன்னாலேயே மூன்று உருளைகள் ஓடிக்கொண்டிருந்ததை யோசித்ததே இல்லை.

கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்க வேண்டும். 720-ஐ மூன்றால் வகுத்தால் 240. அதாவது 240 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. நிற்கும்போது வண்டி லேசாக உதறுவது மூன்று சிலிண்டரின் சுபாவம், நோய் இல்லை. ஆனால் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அப்போது உதறுவதுதான் 'மிஸ்ஸிங்'. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் சோக், கார்புரேட்டர் அழுக்கு, பிளக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை, சோக் இழுக்கும் வேலையும் இல்லை.

என் விஷயத்தில் குற்றம் இன்ஜின் மேல் இல்லை. பழைய ரப்பர் ஹோஸ் கிளிப்பருகே வெடித்துச் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கிறது. தண்ணீர் குறைந்தது தெரியாமல் மலை ஏற்றினேன். முள் ஏன் இறங்கியது? சூட்டை அளக்கும் சென்சாரைத் தொடக்கூடத் தண்ணீர் மிச்சமில்லை. நான் நல்ல செய்தி என்று நினைத்ததுதான் கடைசி எச்சரிக்கை. மேலே உள்ள ஹெட் அலுமினியம். மிதமிஞ்சிச் சூடானால் வளைந்துவிடும். லேத்துக்கு அனுப்பி மட்டப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு, ஹோஸ் எல்லாம் மாற்றினார்கள்.

மெக்கானிக் அண்ணன் டேஷ்போர்டு அறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, நம் பள்ளிக்கூடத்து நோட்டுதான். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட், பிளக், ஞாயிறுதோறும் 'தண்ணீர் சரி'. இத்தனை வருஷம் என் முழங்காலுக்கு எதிரே இருந்தது. கடைசி வரி அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு. 'ஹோஸ் பழசு. மாற்ற வேண்டும்.'

பட்டறையிலேயே அழுதுவிட்டேன்.

புரியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பக்கத்து சீட்டில் இருந்த நான் ஒரு நாளும் அவரிடம் 'ஞாயிற்றுக்கிழமை என்ன பண்றீங்க?' என்று கேட்டதில்லை. மலையில் அக்கா சொன்னதையும் கேட்கவில்லை.

அதனால் உங்களுக்கு இரண்டு சொல். வண்டி யாருடையதானாலும், முள் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள், சுடச்சுடப் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். அதைவிட முக்கியம், வீட்டில் ஒருவர் மட்டுமே பார்த்து வரும் வேலை எதுவோ, அதை இந்த வாரமே கூட நின்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியோ, பேங்க் கணக்கோ, மோட்டார் சுவிட்சோ, எதுவானாலும்.

மகனுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. 2027 வரை இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம்ப்பா. இன்று ஞாயிறு. ஆறின இன்ஜினில் மூடி திறந்து பார்த்தேன். அந்த நோட்டில் அவர் எழுத்துக்குக் கீழே என் கையெழுத்தில் இரண்டு பக்கம் ஆகிவிட்டது. தண்ணீர் சரி.