டிவிடெண்டு ஏன் வரவில்லை?

“வியாபாரம் வருஷா வருஷம் ஏறுதுன்னு கூட்டத்துல கைதட்டுறாங்க சார். நாலு வருஷமா டிவிடெண்டுன்னு ஒரு பைசா வரலியே, ஏன்?”

மஞ்சூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு கேரட் விவசாயி இப்படி மடக்கினார். எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றில் அவர் பங்குதாரர். “வளர்கிற கம்பெனி, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். பயிற்சி வகுப்புகளில் பல வருடம் சொன்ன பதிலும் அதுதான். ஆனால் அதே கேள்வியை வீட்டில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாங்கிய 1,000 ரூபாய்ப் பங்கு இப்போது அம்மா பெயரில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்து சதவீதம் ஈவு அறிவித்தால் 1,000 ரூபாய்ப் பங்குக்குக் கிடைப்பது 100 ரூபாய். அதே கம்பெனி கேரட்டுக்குக் கிலோவுக்கு 50 பைசா கூட்டிக் கொடுத்தால், மூன்று டன் போடுகிறவருக்கு 1,500 ரூபாய். இது நம் ஊருக்குப் புதிதல்ல. 1960களில் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்த நாளிலிருந்து, அதில் பங்கு வைத்திருப்பவர்கள் ஈவைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பசுந்தேயிலைக்குக் கிலோ என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.

அப்படியென்றால் டிவிடெண்டு கேட்பதே தவறா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளை உதாரணம் காட்டுவேன். அமெரிக்காவில் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனி, அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் 1967இல் ஒரே ஒரு முறைதான் ஈவு கொடுத்தது. பங்குதாரர்கள் சண்டை போடவில்லை. லாபம் கம்பெனிக்குள்ளேயே தங்கியதால் பங்கின் விலை ஏறியது. பணம் தேவைப்பட்டவர் இரண்டு பங்கை விற்றுக்கொண்டார்.

இந்த உதாரணம் நமக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நம் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. இயக்குநர் குழு சம்மதித்தால் இன்னொரு உறுப்பினருக்கு மாற்றலாம், அதுவும் முகமதிப்பில். பத்து வருடம் கழித்தும் அப்பாவின் 1,000 ரூபாய் 1,000 ரூபாய்தான். கம்பெனி வைத்துக்கொள்ளும் லாபம் நம் கைக்கு வரச் சட்டம் வேறு வழிகளை வைத்திருக்கிறது. விளைபொருளுக்குப் பிடித்து வைத்த விலையைப் பிறகு கொடுக்கலாம். யார் எவ்வளவு சரக்குப் போட்டார்களோ அந்த அளவுக்கு ஆதரவு போனஸ் கொடுக்கலாம். பொது இருப்பிலிருந்து போனஸ் பங்கு தரலாம். ஈவுக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு, அது கம்பெனியின் சங்க விதிகளில் எழுதியிருக்கும்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேரட் எடுத்த அன்றே விவசாயிக்குக் காசு வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து பணம் வர நாளாகும். இடையில் ஓட்டுவதற்குக் கைமுதல் வேண்டும். வங்கிக்குப் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வட்டியில்லாமல் கிடைப்பது போன வருட லாபம் ஒன்றுதான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அம்மாவுடன் போனேன். கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நோட்டீஸ் வர வேண்டும். தணிக்கை செய்த கணக்கும் இயக்குநர் அறிக்கையும் அதோடு வர வேண்டும். பொது இருப்புக்கு எவ்வளவு, ஈவு எவ்வளவு, ஆதரவு போனஸ் எவ்வளவு என்று மூன்றையும் அந்த அறிக்கை தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு பக்கத் தாள். “லாபம் முழுவதும் வளர்ச்சிக்காக இருப்பில் வைக்கப்படுகிறது” என்று ஒரே வரி.

அம்மா சொல்லிக் கொடுத்தபடி நான் எழுந்து, அந்த இருப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கணக்கர் பேரேட்டைப் புரட்டினார். லாபம் என்று காட்டியதில் பெரும்பகுதி வியாபாரிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி. சில பாக்கி ஒரு வருடத்துக்கு மேல் நிற்கிறது. டிவிடெண்டு கொடுக்கப் பெட்டியில் காசே இல்லை. யாரும் திருடவில்லை. ஆனால் அதை வளர்ச்சி என்றும் சொல்ல முடியாது.

“அப்போ நம்ம காசுலதான் வியாபாரிக்குக் கடன் குடுத்திருக்காங்க” என்றார் அம்மா, பின் வரிசை வரை கேட்கும்படி. அதன் பிறகுதான் மற்றவர்களும் எழுந்தார்கள். அம்மாவிடம் இருப்பது ஒரு பங்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் இங்கே ஒரே ஓட்டுதான்.

பழைய பாக்கியை வசூலிக்க மூன்று பேர் குழு போட்டார்கள். வசூலாவதில் ஒரு பங்கைச் சரக்குப் போட்ட அளவுக்குப் போனஸாகக் கொடுப்பது என்றும் தீர்மானமானது. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பதால் அதில் எங்களுக்கு ஒன்றும் வராது. நான் இதைச் சொன்னபோது அம்மா, “அதுக்குத்தான் டிவிடெண்டும் கொஞ்சம் இருக்கணும்கிறேன்” என்றார். வயதாகிச் சரக்குப் போட முடியாத பங்குதாரர்களை நான் கணக்கில் எடுத்திருக்கவேயில்லை.

பஸ் நிறுத்தத்து விவசாயிக்கு இதைத்தான் சுருக்கமாகச் சொன்னேன். நோட்டீஸோடு அறிக்கை வந்ததா என்று கேட்டேன். தாள் ஏதோ வந்தது, படிக்கவில்லை என்றார். அடுத்த புதன்கிழமை அதை அலுவலகத்துக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.