பாயில் உட்கார்ந்த டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

முந்தைய பள்ளியில், ஒன்றாம் வகுப்பில் என் மகனின் டைரி முழுக்கச் சிவப்பு மைதான். பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான், இடத்தில் உட்காருவதில்லை என்று தினமும் ஒரு புகார். கடைசி பெஞ்சில் மற்ற பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் வேறென்ன செய்வான்? 2008-இல் உங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அவனை இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன். நீங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள்.

செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்த காலம் அது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி முறையைப் பார்த்து சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. நான் கண்டது உங்கள் அறையைத்தான். சுவரின் அடிப்பக்கம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. அதில் அவனுக்கென்று ஒரு கட்டம், மேலே அவன் பெயர். தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவன் வரைந்த மாடு தொங்கியது. வருகையைக்கூட அவனே குறித்துக்கொண்டான். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப் படத்தில் தன் படியைப் பார்த்து, எழுந்து போய்த் தட்டிலிருந்து அட்டையை எடுத்து, முடித்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும். எழுந்து நடந்ததற்காக அடி வாங்கிய பிள்ளைக்கு, அங்கே எழுந்து நடந்தால்தான் பாடமே நடக்கும்!

கிள்ளுவது தானாக நின்றது. கைக்கு வேலை இருந்தது. புரியாததைச் சொல்லித்தர நான்காம் வகுப்பு அக்கா பக்கத்திலேயே இருந்தாள்.

வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறதென்று ஊரில் பேசினார்கள். அது வேலை நடக்கிற சத்தம் என்று எனக்குத் தெரியும். நான்கு வகுப்பையும் ஒன்றாக வைத்து, யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று தனித்தனியாகக் கவனித்த உங்கள் உழைப்பை அப்போது யாரும் பேசவில்லை. அதனால்தான் இந்த நன்றியை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் மகனை அடக்காமலேயே அமைதியாக்கினீர்கள், டீச்சர்.

இதைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிச் சுவரில் அந்தத் தாழ்வான கரும்பலகை இன்னும் இருந்தால், தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் கையில் சாக்பீஸைக் கொடுங்கள்.


உங்கள் பழைய மாணவன் ஒருவனின் அம்மா