ரெண்டு வேலைக்கு ஒரு தோட்டா

பகலில் வங்கி வாசலில் காவல். மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் ராத்திரியில் கொல்லையில் காட்டுப்பன்றி வராமல் காவல். பட்டாளத்திலிருந்து வந்தபிறகு என் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. இரண்டுக்கும் துணை ஒரே துப்பாக்கி, 12 போர் இரட்டைக்குழல். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் என்னைப்போல லைசென்ஸ் வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால், பென்ஷனில் தொடங்கும் பேச்சு தோட்டாவில் வந்து நிற்கும். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே ரகம் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

ஒரே ரகம் ஏன் என்று கேட்கலாம். லைசென்ஸ் புத்தகத்திலேயே அளவு எழுதியிருக்கிறது: ஒரே நேரத்தில் கையில் இத்தனை, வருஷத்துக்கு இத்தனை. அந்தக் கொஞ்சத்தில் நாலு ரகம் வாங்கினால் எந்த ரகத்திலும் பழக்கம் வராது. ரகத்துக்கு ஒரு பெட்டி வாங்கி அலமாரியில் அடுக்குகிற கொடுப்பினை அமெரிக்காக்காரனுக்குத்தான்.

பெரும்பாலானவர்கள் பலத்தைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். பெரிய குண்டு, பெரிய அடி. நான் பார்ப்பது வேறு: குறியில் படாத ஈயம் எங்கே போய் விழும்? இத்தனை வருஷத்தில் என் கணக்கு அந்த ஒரு கேள்விக்குள் சுருங்கிவிட்டது.

ரைஃபிளில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் ஆசை அங்கேதான் போகும். நம் நாட்டில் ராணுவத் தோட்டா குடிமக்கள் கைக்கு வரக்கூடாது என்பது பிரிட்டிஷ் காலத்து எச்சரிக்கை. 1907-ல் .450 ரகத்தையே இந்தியாவுக்குள் தடுத்தார்கள். ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு பயன்பட்டுவிடுமோ என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் தங்கள் இந்தியச் சந்தையைக் காப்பாற்ற .465, .470 என்று புதுசு புதுசாக அளவு கண்டுபிடித்தன. .303-க்கும் அதே கதி. அது இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் .315. ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை அடியாக வைத்து உருவானது. துப்பாக்கி இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. குண்டின் எடை 244 கிரெயின், கிட்டத்தட்ட 16 கிராம். நான் சர்வீஸில் தூக்கிய எஸ்.எல்.ஆரின் 7.62 குண்டு அதில் முக்கால் பங்குகூட வராது. வேகம் குறைவுதான், ஆனால் முனையில் ஈயம் வெளியே தெரியும் சாஃப்ட் நோஸ் குண்டு என்பதால் சதைக்குள் போனதும் விரிந்துகொள்ளும், அங்கேயே தன் வேலையை முடிக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விரியும் குண்டு போரில் கூடாதென்று 1899-ல் ஹேக் மாநாட்டில் தீர்மானித்தார்கள். அதற்குக் காரணமாகப் பேர் வாங்கியது நம் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலை. 1890-களில் பெர்ட்டி-கிளே என்ற கேப்டன் அங்கே செய்த குண்டு. மனிதனுக்குக் கொடூரம் என்று விலக்கிய அதே குண்டுதான் வேட்டையில் தர்மம். முழுக்க உலோக உறை போட்ட பட்டாளத்துக் குண்டு மிருகத்தை ஊசியாகத் துளைத்துப் போய்விடும். மிருகம் ரெண்டு நாள் புதரில் கிடந்து சாகும். விரிகிற குண்டு பட்ட இடத்தில் கிடத்தும். குண்டு உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டால் பின்னால் நிற்பவனுக்கும் ஆபத்தில்லை. தற்காப்புக்கும் வேட்டைக்கும் ஒரே குண்டு என்று உலகத்தில் எங்கே பேச்சு எடுத்தாலும் கடைசியில் சாஃப்ட் நோஸ் பக்கம் சாய்வது இதனால்தான்.

பட்டால் சரி. படாவிட்டால்?

பெரம்பலூர் சீமையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்கே பச்சைமலை, அதை விட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை மானாவாரிக் கரிசல். மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம். குன்னம் தாண்டி அரியலூருக்குள் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு. குண்டைத் தடுத்து நிறுத்த மேடு கிடையாது. ஒரு கொல்லைக்கு ஒரு பரண், பரணுக்கு ஒரு ஆள், அவன் டார்ச்சை அணைத்துவிட்டால் அங்கே ஆள் இருப்பதே தெரியாது. பிள்ளைகள் பழகும் .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல்வரை ஆபத்து என்று எச்சரிக்கை போட்டிருப்பான். .315 எவ்வளவு போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில், தட்டை ஆளுயரம் நிற்கும் கொல்லையில், இந்தச் சமவெளியில், தரையோடு தரையாக ரைஃபிள் சுடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நான் அவன் பக்கத்துக் கொல்லையில் படுக்கமாட்டேன்.

அதனால் ரவைத் தோட்டாவுக்கு வந்தேன். சட்டமும் நம்மை அங்கேதான் தள்ளுகிறது. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவைப் படித்தால், பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே மரையில்லாத துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது போதாதென்று அதிகாரிக்குத் தோன்றினால் பயிருக்கும் மரையில்லாத வேறு துப்பாக்கி என்று இருக்கிறது. அந்தச் சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் பரணில் படுத்தவராக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியை லேசாக நினைக்கவேண்டாம். மலையப்ப நகர், எறையூர்ப் பக்கத்து நரிக்குறவர் பெரியவர்களிடம் பேசினால் புரியும். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால் காடைக்கும் பன்றிக்கும் அதே ஒரு குழல்தான். கௌதாரிக்குப் பொடி ரவை, பெரிசுக்கு ஒற்றைக் குண்டு. ஒவ்வொரு தடவையும் எதை எவ்வளவு போடுவது என்று கை தீர்மானிக்கும். நாங்கள் தொழிற்சாலை மூடி ஒட்டித் தருகிறதை வாங்கிப் போடுகிறவர்கள், ஆகவே முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கிர்க்கி தொழிற்சாலையின் 'சக்திமான்'. ரவையின் பருமனை வைத்துத்தான் ரகம். எல்.ஜி. என்பது 9.1 மி.மீ. உருண்டை, ஒரு அவுன்ஸில் 6 நிற்கும். எஸ்.ஜி. 8.4 மி.மீ., அவுன்ஸுக்கு 8. பி.பி. 4.1 மி.மீ., அவுன்ஸுக்கு 70. ஆறாம் நம்பர் 2.6 மி.மீ., 270 ரவை. பிரெஞ்சு ராணுவத்தவர் ஜூர்னே என்பவர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஈய உருண்டை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பது அதன் விட்டத்தைப் பொறுத்தது. நம் அளவில் சொன்னால் மில்லிமீட்டருக்குச் சுமார் 80 மீட்டர். ஆறாம் நம்பர் 200 மீட்டரில் மழைத்தூறலாக உதிர்ந்துவிடும். பி.பி. 325 மீட்டர். எஸ்.ஜி. 670. எல்.ஜி. 700-ஐத் தாண்டும். அந்தக் கணக்கை நான் கொல்லை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 325 மீட்டருக்குள் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் ஏறுவோம். 700 மீட்டர் என்றால் அடுத்த ஊர். அதனால் என் ரகம் பி.பி.

என் அக்கா மகன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான்.

"மாமா, பி.பி.ய வெச்சிக்கிட்டு பன்னிய என்ன பண்ணுவீங்க? அதுக்கு மேலு சொறிஞ்சிவிட்ட மாதிரி இருக்கும். எல்.ஜி. போடுங்க, அங்கயே உழுந்துரும்."

"உழுந்துருமா? நீ எண்ணிப் பாத்தியா மாப்ள?"

எண்ணித்தான் பார்க்கவேண்டும். ரவைத் துப்பாக்கியைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று: 40 கஜத்தில் பெரிய காகிதம் கட்டி, அடித்து, ரவை அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுவது. குழல் வாய் நன்றாக நெருக்கியிருந்தால் நூற்றுக்கு 70 உள்ளே விழும். நெருக்கம் இல்லாத குழலில் 40. எல்.ஜி.யைவிட உருண்டை அதிகமுள்ள எஸ்.ஜி. தோட்டாவில் 9 உருண்டை என்று வைத்தால் நல்ல குழலிலேயே 6 வட்டத்துக்குள். பன்றியின் உயிர்நிலை சோற்றுத்தட்டு அளவு. முக்கால் மீட்டர் வட்டத்தில் சிதறிய 6-ல் ஒன்று அந்தத் தட்டில் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாவிட்டால் வயிற்றில் ஈயத்தோடு ஒரு பன்றி தட்டைக்குள் இருக்கிறது. காலையில் களையெடுக்க வரும் பெண்கள் அதன்மேல் மிதிக்கவேண்டும். மீதி 3 உருண்டை அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டது. பெரிய ரவை தூரத்தில் கொல்லும் என்ற நம்பிக்கை, எண்ணிப் பார்க்காதவர்களின் நம்பிக்கை.

பி.பி.யில் 40 கஜத்தில் பன்றி சாகாது, ஒப்புக்கொள்கிறேன். சாகாது என்று தெரிந்ததால் நான் அங்கே அதைக் குறிவைக்கமாட்டேன். இதுதான் அந்தத் தோட்டாவில் எனக்குப் பிடித்த குணம்: சபலத்துக்கு இடம் கொடுக்காது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கூட்டம் கலையும், பத்து நாளில் பழகிக்கொள்ளும், பிறகு வெடி வைக்கும் இடத்தை மாற்றவேண்டும். குட்டியோடு நிற்கும் தாயோ காயம்பட்ட கிழடோ நேராக மேலே வந்தால் அது அஞ்சு மீட்டர் சமாச்சாரம். ரவை கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்று ஒரு குத்துமதிப்பு உண்டு. அந்தத் தூரத்தில் பி.பி. இன்னும் அதிகம் பிரிந்திருக்காது, ஏறக்குறைய ஒரே கட்டியாகப் போய் இறங்கும். தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து வரும்போது நல்லெண்ணத்தோடு செய்தது குற்றமில்லை என்று வனவிலங்குச் சட்டத்தின் 11-ம் பிரிவு சொல்கிறது. கதிருக்காகச் சுடுவதற்கு அந்தப் பிரிவில் அதிகாரியின் எழுத்துமூல உத்தரவு வேண்டும். மயிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம். வெங்காயத்தைக் கிளறிப் போட்டாலும் அது முதல் அட்டவணையில் இருக்கிறது.

வங்கி வாசலிலும் இதே கணக்குத்தான், இன்னும் கறாராக. கண்ணாடிக் கதவு, எதிரே பஸ் ஸ்டாப், பணம் எடுக்க வந்த கிழவி. அங்கே எல்.ஜி. போட்டு நிற்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். ஆறு உருண்டையில் ஒவ்வொன்றும் ஒரு ரிவால்வர் குண்டுக்குச் சமம். ஆறுக்கும் கணக்குச் சொல்லவேண்டியவர் அவர். பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-லிருந்து 44 வரை தற்காப்பு உரிமை விரிவாக இருக்கிறது, அதற்குள்ளேயே தேவைக்கு மேல் கேடு செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. அந்த ஹாலின் நீளத்துக்கு பி.பி. போதும். சுவரைத் தாண்டி அடுத்த கடைக்குள் போகிற பலம் எனக்கு வேண்டியதில்லை.

இரட்டைக்குழல்தானே, வலதில் பி.பி., இடதில் எஸ்.ஜி. போட்டுக்கொள்ளலாமே, ஏன் ஒரே ரகம் என்று அலட்டுகிறாய் என்பார்கள். படித்தவர்கள் சொல்கிற யோசனை, காகிதத்தில் சரியாகவும் இருக்கும். முன்விசை வலது குழல், பின்விசை இடது. தூக்கம் பாதி, பயம் பாதி, பனியில் விரல் மரத்திருக்கிறது. அப்போது எந்தக் குழலில் எது என்று விரல் நினைவு வைத்திருக்குமா? என் விரலை நான் அவ்வளவு நம்புவதில்லை. இரண்டிலும் ஒன்றே இருந்தால் நினைக்கவேண்டியது ஒன்று குறைகிறது.

தேர்தல் வந்தால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் விடுமுறை. அறிவிப்பு வந்ததும் பெரும்பாலும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். பன்றிக்கு நடத்தை விதிமுறை கிடையாது. அந்த வாரங்களில் தகர டப்பாதான்.

2025 ஜனவரியில் அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1-லிருந்து 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். பச்சைமலை அடிவாரத்தில் எங்களில் பலருடைய கொல்லை முதல் இரண்டு கோட்டுக்குள் வந்துவிடும் என்பது வேறு விஷயம். சமவெளிக்குச் சுட வருகிற அந்த ஆட்கள் என் பேச்சைக் கேட்டு பி.பி. கொண்டுவரக்கூடாது. அவர்கள் வருவது கொல்வதற்கு. அவர்களுக்கு .315 சாஃப்ட் நோஸ்தான் வேண்டும். ஆனால் உயரமான பரண்மேல் உட்கார்ந்து, கீழ்நோக்கி, கிட்டத்தில் மட்டும். மேலிருந்து சாய்வாகப் போகும் குண்டு தவறினாலும் பத்தடியில் மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை கண்ட கரிசல் அதை விழுங்கிக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறை தலைகாட்டும் இடத்திலும் ஏரித் தண்ணீருக்கு எதிரிலும் அதுவும் ஆகாது, குண்டு தெறித்துத் திசை மாறும். வேப்பந்தட்டைப் பக்கம் எந்தெந்த வரப்பில் அப்படிப் பரண் போடலாம் என்று காட்டச் சொன்னால் நான் வருகிறேன். வங்கி விடுமுறை நாளாகப் பார்த்துக் கூப்பிட்டால் நல்லது.